அறை வாசலில் ஒரு பெஞ்சு

மனசு டாக்டருடன் கடைவீதிக்குப் போவதைப்போல அலுப்பான காரியம் உலகத்திலேயே கிடையாது என்பார் அவருடைய கணவர். காய்கறிக் கடையில் ஒருவர் இவரைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொள்வார். மருந்துக் கடையில் ஒரு பெண், சிரிக்கலாமா வேண்டாமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மனசு டாக்டரோ இரண்டு பேரையும் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். "யாரும்மா அது?" என்று கணவர் கேட்டால், "எது?" என்பார். அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை பெயராது.

அது அவர் தொழிலின் சட்டம். ஆஸ்பத்திரியின் மனநலத் துறைக்கு வந்துபோகிறவரை வெளியில் எங்கே கண்டாலும், அவராக வந்து பேசினாலொழிய, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் நிற்கிற மாமியாருக்கோ முதலாளிக்கோ, 'இந்த அம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்க வாய்ப்புக் கொடுத்துவிடக் கூடாது. "அவங்களுக்கு நம்மளத் தெரிஞ்சாதான் நமக்கு அவங்களத் தெரியும்" என்று புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார். துறையில் எல்லோரும் அந்தச் சட்டத்தை முடிந்தவரை கடைப்பிடித்தார்கள். இவர் அதைக் கட்டிக்கொண்டு குடித்தனமே நடத்தினார். நாத்தனார் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை இவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். வாரம் தவறாமல் இவர் எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போன மனிதர் அவர். "ரொம்ப சந்தோஷங்க, இப்பத்தான் பாக்கறேன்" என்று இவர் கை கூப்பிய கூப்பில் அந்த மனிதரே ஒரு கணம் குழம்பிப்போனார். அன்று முழுக்க மனசு டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்துவார். "மருந்து எழுதற டாக்டர் நான் இல்லைங்க. நான் உளவியல். பேசறதக் கேக்கறதுதான் என் வேலை." வீட்டில் கணவர் அதையும் விடமாட்டார். "வெளியில போய்க் காது குடுத்துட்டு வர்றா. வீட்டுக்கு வரும்போது காதை அங்கயே கழட்டி வச்சுட்டு வந்துடறா." இவர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். அந்தக் கிண்டலில் பாதி உண்மை இருந்தது என்று அப்போது யார் கண்டது?

அவர் ஓய்வு பெறும் மாதம் துறையின் செய்திமடல் வந்தது. புதிய துறைத்தலைவர் பொறுப்பேற்றார், மாணவி ஒருத்தியின் ஆய்வுக்குப் பரிசு, மாடிக்குப் போகும் லிஃப்ட் இந்த மாதமும் பழுது. அதற்குக் கீழே, 'மூத்த மருத்துவ உளவியலாளர் பணி நிறைவு' என்று இவர் படம். படத்தில் இவர் பாதிதான் இருந்தார். மீதிப் பாதியில் ஒரு தொட்டிச்செடி நன்றாக விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தில், மூளைக்குக் காந்த சிகிச்சை கொடுக்கும் இயந்திரம் வருகிறது, அதற்கு அறை தயாராகிறது என்று ஒரு செய்தி. எந்த அறை என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. சுவரை அளக்க இரண்டு பேர் டேப்போடு வந்து, இவர் நாற்காலியை இவரோடு சேர்த்தே கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அறை போவதில் அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அது பெரிய வருத்தமில்லை. வாசலில் கிடந்த நீள மரப்பெஞ்சைத்தான் அவர் அடிக்கடி பார்த்தார். அந்த நடையில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று இவருடையது. எதிர் அறையில் பல வருஷங்கள் பெரிய டாக்டர் இருந்தார். மருந்து எழுதுகிற மனநல மருத்துவர், பிற்பாடு துறைத்தலைவராகி ஓய்வும் பெற்றுவிட்டவர். இரண்டு அறைக்கும் காத்திருப்பவர்கள் உட்கார அந்த ஒரே பெஞ்சுதான். அதில்தான் ஒரு நாள் இவருடைய தம்பி உட்கார்ந்திருந்தான்.

கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். ரயில் என்ஜின் டிரைவர். பேச்சிலும் ரயில்தான், ஆரம்பித்தால் லேசில் நிற்காது. அக்காவின் சட்டத்தை அவனைப்போலக் கேலி செய்தவர் யாரும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், கல்யாண வீட்டுக் கதையை, ஆள் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, இவர் மிதப்பாகச் சொல்லி முடித்தபோது, "அப்ப எனக்குப் பைத்தியம் புடிச்சா என்னையும் யாருன்னே தெரியாதும்பியாக்கா?" என்று கேட்டான். அந்த வார்த்தை இவருக்குப் பிடிக்காது. தலையில் ஒரு தட்டுத் தட்டி, "வாயக் கழுவுடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு காலையில், ஒரு வளைவைத் தாண்டியதும், தண்டவாளத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தான். தம்பி பிரேக்கைப் பிடித்தான், ஹாரனை அமுக்கினான். ஓடுகிற ரயில் அதற்கெல்லாம் உடனே நின்றுவிடுவதில்லை. உன்மேல் தப்பில்லை என்று மேலதிகாரிகள் தட்டிக்கொடுத்து, கொஞ்ச நாள் விடுப்பும் கொடுத்து, மறுபடி என்ஜினில் ஏற்றிவிட்டார்கள். இவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, "எனக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். நன்றாக இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் சொந்தக்காரருக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "யார்கிட்டயாவது போய்ப் பேசுடா. எங்கிட்ட வேணாம், நான் உனக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். நல்லதைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்தப் பெஞ்சு. மாணவர்கள் சூழ இவர் அறையிலிருந்து வெளியே வந்தார். பெஞ்சின் ஓரத்தில், தேய்த்த சட்டை, மடியில் ஒரு துணிப்பை, அவன். நிமிர்ந்து பார்த்தான். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அந்தக் கண நேரத்துக்குள் மனசு டாக்டர் கட்டிய கோட்டை கொஞ்சமல்ல. அன்று பெரிய டாக்டர் புறநோயாளிகளைப் பார்க்கிற நாள். வந்துவிட்டான்! நான் சொன்னதைக் கேட்டு, வேறு ஆளிடம் பேச, தானாகவே வந்துவிட்டான். இத்தனை பேர் நடுவில், "தம்பி, எங்கடா இங்க?" என்று வாயைத் திறந்தால் அதோடு சரி, கூச்சப்பட்டுக்கொண்டு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தை மட்டும் சுவராக்கிக்கொண்டார். கடந்து போனார். திரும்பி வரும்போது பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். எதிர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன்தான் இருக்கிறான் என்று நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அதோடு நின்றாரா? பெரிய டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் நாட்களில் அந்த நடைப்பக்கமே வருவதை விட்டுவிட்டார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, சலவை அறைப் பக்கமாக, பின்படி ஏறி வந்தார். மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வந்தார். முட்டி வலி வந்த பிறகும் அப்படியே வந்தார். தம்பி கூச்சமில்லாமல் வந்துபோகட்டும் என்றுதான். பெரிய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆயிரம் முறை காப்பி குடித்திருப்பார்கள். தம்பி என்ற பேச்சே எழவில்லை. இருவரும் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதாக இவர் நினைத்துக்கொண்டார்.

தம்பி மாறிப்போனான். அக்காவை அதுவரை நீ, வா, போ என்றவன், நீங்க, வாங்க என்று ஆரம்பித்தான். வீட்டு விசேஷங்களில் ஒரு மூலை பார்த்து உட்கார்ந்தான். இதற்கெல்லாம் இவரிடம் விளக்கம் தயாராக இருந்தது. ரகசியம் தெரிந்தவளிடம் வரும் கூச்சம், சிகிச்சையின் நடுவில் வரும் விலகல், சரியாகிவிடும். என்ஜினை விட்டு அலுவலக மேஜைக்கு மாற்றல் வாங்கினான். பிறகு வேலையையே விட்டான். ஒரு நாள் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, அவரு சரியா இல்ல. கூடத்துல லைட்டப் போட்டுட்டு உக்காந்தே தூங்கறாரு. நீங்க ஒரு தடவ வந்து பேசுங்களேன்."

"அவசரப்படுத்தாதம்மா. நேரம் எடுக்கும். அவனுக்கு எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசுவான்."

"நீங்க சொன்னா கேப்பாரு அண்ணி."

"நான் சொல்லக் கூடாதும்மா. அதுதான் அவனுக்கு நல்லது."

அந்தப் பெண் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பணி நிறைவு விழா மாலையில், துறையின் கருத்தரங்கக் கூடத்தில். அதற்கு முன்னால் வெளியே தேநீரும் பிஸ்கட்டும். ஓய்வில் இருந்த பெரிய டாக்டர் கைத்தடியோடு வந்திருந்தார். ஒரு பேச்சை இவர் இந்த நாளுக்கென்றே சேர்த்து வைத்திருந்தார். நாளையிலிருந்து அவர் இந்தத் துறையில் இல்லை. ஒரே ஒரு தடவை சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தால் வானம் இடிந்து விழாது. பெரிய டாக்டரை ஜன்னலோரம் தனியே அழைத்துப் போனார்.

"சார், ஒரு நன்றி சொல்லணும். எதுக்குன்னு கேக்காதீங்க, பதிலும் சொல்ல வேணாம். என் தம்பியப் பாத்துக்கிட்டீங்களே, அதுக்கு."

பெரிய டாக்டர் கோப்பையை வாயருகே நிறுத்தினார். "தம்பியா? உங்களுக்குத் தம்பி இருக்கறதே எனக்குத் தெரியாதேம்மா."

இவருக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் ஓய்வு பெற்றும் விட்டுக்கொடுக்கவில்லையே! அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும் சார். ரயில் டிரைவர். நம்ம பெஞ்சுல உக்காந்திருந்தான், நானே பாத்தேன்."

பெரிய டாக்டர் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"அம்மா, நான் பாத்திருந்தா இன்னைக்கும் வாயத் திறக்கமாட்டேன். அது உங்களுக்கே தெரியும். பாக்கலங்கறதயும் சொல்லக் கூடாதுதான். ஆனா இத சொல்லாமப் போனா நான் மனுஷனே இல்ல. நம்ம காலத்துல எந்த ரயில் டிரைவரும் எங்கிட்ட வந்ததில்லம்மா. ஒருத்தர்கூட."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பூங்கொத்து வந்துவிட்டதாம்.

மேடையில் புதிய துறைத்தலைவர் பேசினார். காந்த இயந்திரத்தைப் பற்றி நிறையவும் இவரைப் பற்றிக் கொஞ்சமும் பேசினார். பிறகு பழைய மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இன்னைக்கும் எங்களுக்கு வேதவாக்கு. வெளியில பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. மேடம் மாதிரி அதுல நின்னவங்க யாருமில்ல" என்றாள். கூடம் கைதட்டியது. பெரிய டாக்டர் மட்டும் கைத்தடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பேச அழைத்தார்கள். மைக் முன்னால் நின்றார். "எல்லாருக்கும் நன்றி" என்றார். அதற்குமேல் வரவில்லை. பிரிவின் துயரம் தாளாமல் கண்கலங்கி அமர்ந்தார் என்று அடுத்த மாதச் செய்திமடலில் போட்டார்கள். ஊர் கூடிப் போட்ட தப்புக் கணக்கு அது, யாரைக் குறை சொல்ல?

பூங்கொத்தும் கையுமாக நேரே தம்பி வீட்டுக்குப் போனார். ரயில் பாதைக்குத் தூரமாகப் பார்த்து வாங்கிய அடுக்குமாடி வீடு. தம்பி மனைவி கதவைத் திறந்து, பூவைப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் எடுத்து வர உள்ளே போய்விட்டாள். கூடத்து விளக்கின் கீழே தம்பி உட்கார்ந்திருந்தான்.

"வாங்கக்கா. இன்னைக்குத்தான் விழாவா? உக்காருங்க."

இவர் உட்காரவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தியே. பெரிய டாக்டரப் பாக்காமயே போயிட்டியா?"

எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. "எந்தப் பெரிய டாக்டர்?"

"எதிர் ரூம்ல இருந்தாரே. அவரப் பாக்கத்தான பெஞ்சுல உக்காந்திருந்த?"

தம்பி நிமிர்ந்து இவரைப் பார்த்தான். "உங்க ரூம் வாசல்ல உக்கார வேற என்னக்கா இருந்துச்சு? பெஞ்சு கிடந்துச்சு, உக்காந்தேன். நான் எந்த டாக்டரையும் பாக்க வரல. எங்க அக்காவப் பாக்க வந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமேடா!"

"கூப்பிடத்தான் வாயெடுத்தேன். நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டீங்க. தக்காளிக் கடையில வச்சுக்குவீங்களே, அந்த மூஞ்சி. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்க சட்டத்த நம்ம வீட்டுல மனப்பாடம் பண்ணாத ஆளே கிடையாதே." அவன் குரல் உயரவில்லை. "அதுவரைக்கும் ஏதோ தூக்கம் வரல, பயமா இருக்கு, அக்காகிட்ட சொன்னா சரியாப் போயிடும்னுதான் நினைச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தப்புறம்தான் எனக்கே முடிவாச்சு. சரி, நமக்கும் பைத்தியம்தான். அக்காவே முடிவு பண்ணிட்டா. இனிமே வெளியில சொன்னா வேலையும் போகும்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் கலங்காமல் கேட்டுப் பழகியவர் மனசு டாக்டர். அன்று கலங்கினார். என்னையும் தெரியாதும்பியா என்று எப்போதோ சாப்பாட்டு மேஜையில் அவன் விளையாட்டாகக் கேட்டானே, அப்போது தலையில் தட்டாமல், 'உன்னைத் தெரியாமப் போகுமாடா?' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல என்ன படிப்பு வேண்டியிருந்தது?

"நீ கூச்சப்படக் கூடாதுன்னுதான்டா நான் அப்படி... பின்படி ஏறியே போயிட்டு வந்தேன்டா, உனக்காக."

"தெரியும்க்கா. நான் இன்னொரு தடவை வந்தேன். அதே கிழமை, முதல் தடவ வந்த அதே நேரம். நீங்க அந்தப் பக்கமே வரல."

தம்பி மனைவி தண்ணீரோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இப்பச் சொல்லுடா" என்றார் இவர். "நான் இப்ப டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு என்ன சொல்ல வந்த?"

அவன் தலைக்குமேல் எரிந்த விளக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"பெருசா ஒண்ணுமில்ல" என்றான். "தண்டவாளத்துல நின்னானே அந்த ஆளு, கடைசி நேரத்துல நிமிந்து என்னைப் பாத்தான். தெரிஞ்சவனப் பாக்கற மாதிரி பாத்தான்க்கா. அத யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் வந்தேன். அவ்வளவுதான். அப்புறம் நீங்க தெரியாதவனப் பாக்கற மாதிரி பாத்தீங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. இப்பக் கண்ண மூடினா எது முதல்ல வருதுன்னே தெரியறதில்ல."

இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. "விடுங்கக்கா. வேணும்னா செஞ்சீங்க? நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சீங்க" என்றான். திட்டியிருந்தால்கூட இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருட்டிய பிறகு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். பூங்கொத்தை அவனே வாங்கிச் சுமந்தான். படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். வருஷக்கணக்காக அதே கட்டடத்தில் இருப்பவர். பூவைப் பார்த்துவிட்டு, "யாரு சார், விருந்தாளியா?" என்றார்.

தம்பி முகத்தில் ஒன்றையும் காட்டாமல் அக்காவைப் பார்த்தான். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம் என்பதுபோல் நின்றான். யாரிடமும் முந்திக்கொண்டு பேசாத மனசு டாக்டர், வேகமாக, தேவைக்கு மேல் சத்தமாக, "நான் இவனோட அக்கா. கூடப்பொறந்த அக்கா" என்றார்.

கீழ்வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "சொந்த அக்காவா! என்ன சார் நீங்க, இத்தனை வருஷமா உங்களுக்கு ஒரு அக்கா இருக்கறதே எங்களுக்குத் தெரியாதே!"

"எனக்கும்தாங்க" என்றான் தம்பி.

நிறுத்தத்துக்குப் போனதுமே பஸ் வந்துவிட்டது. அவன் பூங்கொத்தை இவர் கையில் கொடுத்து, "பாத்துப் போங்கக்கா" என்றான்.